ஐந்து மணிப் பட்டியல்

05.09.2024, வியாழன், சுங்கை சிப்புட்

விடியற்காலை ஐந்து மணிக்குப் பட்டியல் வரவில்லை. டயாலிசிஸுக்கு (சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மிஷினில் சுத்திகரிப்பது) யார் யாரை ஏற்ற வேண்டும் என்று சர்வர் தானாக வேன் அண்ணனுக்கு அனுப்பும் பட்டியல் அது. வேன் அண்ணன் ஐந்தரை வரை பார்த்துவிட்டு, இன்றைக்கு யாரும் இல்லை போல என்று திரும்பப் படுத்துவிட்டார். லிந்தாங் பாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணி வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். அப்பாவை நான் காரில் டயாலிசிஸ் மையத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கே போய்ப் பார்த்தால் பாதி நாற்காலி காலி.

அண்ணன் மேல் தப்பில்லை. பட்டியல் வராவிட்டால் எனக்குப் போன் அடியுங்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

05.09, இரவு

பட்டியலை அனுப்பும் ஸ்கிரிப்டை (சிறு நிரல்) கையால் ஓட்டினால் ஓடுகிறது. இரண்டு நொடியில் பதினொரு பெயரும் வந்து விழுகின்றன. நான் ஓட்டினால் ஓடும், கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் நிரல்) ஓட்டினால் ஓடாது என்றால் முதல் சந்தேகம் பாத் மேல்தான், அதாவது கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்ற வரிசை மேல். என் கணக்கில் இருக்கும் சூழல் எதுவும் கிரானுக்குத் தெரியாது. இரண்டொரு அடைவுகளுக்குள் மட்டும் கட்டளையைத் தேடும், இல்லையென்றால் விட்டுவிடும். ஆனால் எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதையும் எழுதி வைத்திருக்கிறேனே.

படுக்கும் முன் அப்பாவின் இடது கையைத் தொட்டுப் பார்த்தேன், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடத்தில். அங்கே ரத்தம் ஓடும்வரை அதிரும், அடைத்தால் நின்றுவிடும். அதிர்வு இருக்கிறது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்த மாதிரி.

06.09, வெள்ளி

இன்றும் இல்லை. நாலரைக்கே எழுந்து கையால் அனுப்பினேன்.

07.09, சனி

விநாயகர் சதுர்த்தி. அம்மா கொழுக்கட்டை படைத்தார். அப்பாவுக்குப் பாதி, அதுவும் தேங்காய்ப் பூரணத்தை எடுத்துவிட்டு. ஒன்றும் சொல்லாமல் மென்றார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

விழுக்காட்டுக் குறியை (%) பார்த்தேன். கிரான்டாப்பில் (கிரானுக்கு வேலைகளை எழுதி வைக்கும் கோப்பு) அந்தக் குறி தனியாக வந்தால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருப்பது கட்டளையோடு சேராமல் உள்ளீடாகப் போய்விடும். கோப்புப் பெயரில் தேதி வைப்பவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் விழுவார்கள். நான் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டிருக்கிறேன், அப்படிப் போட்டால் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். கடைசி வரிக்குப் பின் எண்டர் தட்டியிருக்கிறேனா என்று பார்த்தேன். அதுவும் சரி. அப்புறம்தான் உறைத்தது: புதன்கிழமை வரை ஓடிய வரி இது. மே மாதத்துக்குப் பிறகு நான் தொடவே இல்லை. தொடாத வரி எப்படிக் கெடும்?

அதே கணக்கில் நிமிடத்துக்கு ஒரு தரம் நேரத்தை மட்டும் எழுதுகிற ஒரு வரி போட்டேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். கோப்பே உருவாகவில்லை. அப்படியானால் ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை.

08.09, ஞாயிறு

"என்னமோ கிரான், கிரான்ங்கிறியே. நம்ம கிராணியா?" என்றார் அப்பா. கிட்டத்தட்ட அதேதான்பா என்றேன். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர், விடியும் முன்னே செக்ரோலை (வருகைப் பதிவேடு) பிரித்து வைத்துப் பேர் கூப்பிடுகிறவர். அவர் வராவிட்டால் பெரட்டுக்களத்தில் (வேலையாட்கள் விடியலில் கூடும் இடம்) நிற்கிறவர்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அப்பாவுக்கு அது உடனே பிடிபட்டது.

நேர மண்டலத்தைத் துருவிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார். 1982 ஜனவரி 1, தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிய நாள். "மணி அதேதான், ஆனா பெரட்டுக்கு நிக்கிறப்ப இன்னும் கருக்கலா இருக்கும். மரத்துக்குத் தெரியுமா அரை மணி நேரம்?" சர்வர் யூடிசியில் ஓடுகிறது, அதாவது உலகப் பொது நேரத்தில், நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். நம்ம ஊர் ஐந்து மணி அதற்கு முந்தின நாள் இரவு 21:00. கிழமைகளையும் ஒரு நாள் தள்ளித்தான் எழுதியிருக்கிறேன். தப்பில்லை.

அதிர்வு இருக்கிறது.

09.09, திங்கள்

கிடைத்துவிட்டது.

சர்வரின் தலைமைக் கணக்கான ரூட்டின் இரவு பேக்கப் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. கிரான் உயிரோடுதான் இருக்கிறது. என் பட்டியல் ஓடும் கணக்கை மட்டும் உள்ளே விடவில்லை. இத்தனை நாளும் லாகில் (சர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவு) ஸ்கிரிப்டின் பெயரைத் தேடியதுதான் என் தப்பு. அது தொடங்கவே இல்லை, பெயர் எப்படி இருக்கும்? கிரான் என்று தேடினேன். சனிக்கிழமையிலிருந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரே வரி: அங்கீகார டோக்கன் இனிச் செல்லாது, புதியது தேவை.

கடவுச்சொல் காலாவதி. ஜூன் 5-ஆம் தேதி இந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, பாதுகாப்புக்காக எல்லாக் கணக்குக்கும் கடவுச்சொல் மாற்றிய நாளிலிருந்து 90 நாள் என்று வரம்பு வைத்தவன் நானேதான். இந்தக் கணக்குக்கு அது செப்டம்பர் 3-ஓடு முடிந்தது. புதன் விடியற்காலை சர்வருக்கு இன்னும் 3-ஆம் தேதி, அதனால் ஓடியது. வியாழன் விடியலில் கதவு சாத்திவிட்டது. யாரும் ஒரு நாளும் தட்டாத கடவுச்சொல் அது. அது செல்லாமல் போனதால் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கணக்குக்கு வரம்பை எடுத்துவிட்டேன். அடுத்த நிமிடமே சோதனைக் கோப்பில் நேரம் விழுந்தது.

10.09, செவ்வாய்

5:00. வந்தது.

11.09, புதன்

மற்றக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் இரண்டு இந்த மாதக் கடைசியில் நின்றிருக்கும். பட்டியல் வந்ததா என்று 5:10-க்கு வீட்டுக் கணினி போய்ப் பார்க்கும்படி வைத்தாயிற்று. வரவில்லையென்றால் என் போன் அலறும். அதே சர்வரில் காவல் வைத்துப் பயனில்லை, அது படுத்தால் காவலும் சேர்ந்து படுத்துவிடும். வேன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்: ஐந்தே காலுக்கு வரலைன்னா எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கண்ணே.

12.09, வியாழன்

ரத்த ஓட்டம் குறைவாக இருக்கிறது என்றார் தாதி. மிஷின் மூன்று தரம் கத்தியதாம். இரவு தொட்டேன். இருக்கிறது. இருக்கிற மாதிரி இருக்கிறது. அம்மாவையும் தொடச் சொன்னேன். அவர் கையை எடுக்கவே இல்லை.

13.09, வெள்ளி

விடியற்காலை 2:40. இல்லை. விரலை மேலே, கீழே, முழங்கை மடிப்பில், எங்கே வைத்தும் இல்லை. காதை வைத்தும் கேட்டேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வலி ஒன்றுமில்லை. எழுப்பினேன். ஈப்போ ஆஸ்பத்திரி.

14.09, சனி

வார்டு. 5:00-க்குப் பட்டியல் வந்தது. பதினொரு பெயர், அப்பா மூன்றாவது. அண்ணனுக்குப் போன் அடித்து, லிந்தாங் பாட்டியை முதலில் ஏற்றச் சொன்னேன்.