கணீர்க் குரல்களைக் காதுகொடுத்துக் கேட்க

கே.பி.சுந்தராம்பாள் என்றதும் ‘எட்டுக்கட்டைக் குரல்’ என்கிறோம். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக்கட்டைகளை எண்ணும் கணக்கு. ஸட்ஜத்தை, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ‘ஸ’ ஸ்வரத்தை, எங்கே வைக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்லும். ஆண்கள் பெரும்பாலும் 1, 2 கட்டையிலும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். மெலிந்த குரலாலும் 6 கட்டையில் பாட முடியும். ஆகவே குரலின் காத்திரம் கட்டையில் இல்லை.

தாரஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, ஏறும் இடத்தைக் கவனியுங்கள். சிரமப்படும் குரல் மேலே போகப்போக ‘ஆ’வை ‘ஏ’ பக்கம் நெருக்கும், அல்லது கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ) நழுவும். சுந்தராம்பாளிடம் கீழே ஒலித்த அதே ‘ஆ’ உச்சியிலும் வாய்திறந்தே நிற்கும். ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வை முடிந்து அடுத்த சொல்லை எடுக்கும்போது றகரமும் ழகரமும் தேய்வதில்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய நாடகப் பாட்டில் வளர்ந்த குரல் அது. சொல் சிதைந்தால் அங்கே கதையே நின்றுவிடும். ‘ஔவையார்’ (1953) படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழும்.

பலம் உச்சியில்தான் என்பவர்கள் கர்நாடக இசைப் பாடகி டி.கே.பட்டம்மாளைக் கேட்க வேண்டும். காரைக்குடியில் ஏவி.எம். ஸ்டுடியோ இருந்தபோது உருவான ‘நாம் இருவர்’ (1947) படத்தில் பாரதி பாடல்கள் சிலவற்றை அவர் பாடினார். குரலை உயர்த்தாமலே, நடு ஸ்தாயியின் அழுத்தத்தாலேயே பாட்டை நிமிர்த்திவிடுகிறார். எனக்கு இதுதான் அரிய பலமாகப் படுகிறது.

எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்கு மைக்செட் குழாயே பொருத்தமான வாத்தியம். மாசி-பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவின்போது தெருக்கோடியில் நின்று கேட்டால் தெரியும். குழாய் ஸ்பீக்கர் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் தராது. 1 கட்டை ஆண்குரலின் ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸ். அதன் அடித்தளமே குழாயில் தொலைந்துவிடும். 5 கட்டைப் பெண்குரலின் மேல் ஸட்ஜம் 392. அது முழுசாக வரும். காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. தொண்டை திறந்து பாடும்போது மேலொலிகள் அந்த இடத்தில் தாராளமாக விழுகின்றன. முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும் பெண்கள் பாடுவதும் அப்படியே வாய்விட்டுத்தான்.

ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்குள் இதே குரல் கெட்டுப்போகும். ஆத்தங்குடிக் கல், வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கல்தூண் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஒரு எழுத்து அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். சுந்தராம்பாளின் றகரம் கூழாகிவிடும். ஸ்பீக்கரைப் பத்தியின் (தாழ்வாரத்தின்) சுவரோரம் வைக்காமல், வளவின் வாசலை, அதாவது நடு முற்றத்தைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். வானம் திறந்த பக்கம் போன ஒலி திரும்பாது. நான்கைந்து அடி தூரத்தில் உட்காருங்கள். தரையில் கெட்டியான ஜமுக்காளம் விரியுங்கள். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும், அதனால் குறைத்தே வையுங்கள்.

இணையத்தில் உள்ள பழைய இசைத்தட்டுப் பதிவுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. தட்டை 6 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிந்திருந்தால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், குரலும் மெலிந்து கீச்சிடும். ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிவுகளைத் தம்பூரா ஆப்பில் ஒத்துப்பாருங்கள். சுருதி வேறுபட்டால், மூச்சு வாங்கும் இடம் இயல்பாகவும் மிருதங்கச் சொல் அவசரப்படாமலும் கேட்கிற பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்.