எங்கட நண்டுக்கு ஆர் கையெழுத்து?

கரையில் நிறுக்கும்போது 12.4 கிலோ. கம்பனிப் பற்றுச்சீட்டில் 11.9 கிலோ. தண்ணி வடிஞ்சிட்டுது என்பார்கள், தராசு பழசு என்பார்கள். அரைக் கிலோ யாருடையது என்று யாராலும் நிறுவ முடியாது. நண்டு விற்கிற வீடுகளில் இந்தக் கதை தெரியாத பிள்ளை இல்லை. நானும் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவள்தான்.

அதனால்தான் கடற்றொழிலாளர் சங்கங்கள் இரண்டும் அவர்களிடம் வாங்குகிற கம்பனி ஒன்றும் சேர்ந்து, மூன்று பேருக்கும் பொதுவான நிறைப் பதிவேடு ஒன்று வேண்டும் என்று கேட்டபோது உடனே ஓம் என்றேன். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி அறையில் இருந்து ஐந்து மாதம் வேலை செய்தேன். நிரல் எழுத ஆறு கிழமைதான் பிடித்தது. மிச்சக் காலம் முழுக்க, யாருடைய கையொப்பம் எதற்குச் செல்லும் என்ற ஒரே கேள்விக்குப் போனது.

எடுத்துக்கொண்டது ஹைப்பர்லெஜர் ஃபேப்ரிக் என்ற பிளொக்செயின் மென்பொருள், 2.5 பதிப்பு. பிளொக்செயின் என்றால் பல பேர் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிற, பதிந்ததை அழிக்க ஏலாத பதிவேடு. பிட்கொயின் மாதிரி யாரும் வந்து சேர்ந்துகொள்கிற பிளொக்செயின் இல்லை இது. உள்ளே நிற்கிற ஒவ்வொருவருக்கும் தன் நிறுவனம் கொடுத்த சேர்ட்டிபிக்கேற், அதாவது டிஜிட்டல் அடையாள அட்டை, இருக்கவேண்டும். நீ யார் என்பதற்கு அந்தச் சேர்ட்டிபிக்கேற் பதில் சொல்லும். நீ என்ன செய்யலாம் என்பதற்குப் பதில் சொல்வது கையொப்பப் பொலிசி.

சங்கத்தில் இதை விளங்கப்படுத்தப் போன அன்று எனக்குக் கை கொடுத்தது அவர்களுடைய காசோலைப் புத்தகம். தலைவர் அல்லது செயலாளர், இருவரில் ஒருவர். அவரோடு பொருளாளர் கட்டாயம். வங்கிக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரிதான் பொலிசி. ஃபேப்ரிக்கில் அதே வரியை ‘அன்ட்’ (இரண்டும்), ‘ஓர்’ (அல்லது) என்று எழுதுகிறோம். ஐந்து பேரில் எவராவது மூன்று பேர் என்றால் ‘அவுட்ஒஃப்’. விறாந்தையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. காலம் காலமாக அவர்கள் செய்துவருகிற காரியம் அது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நாலு பொலிசி எழுதினோம்: வாசிப்பவர், எழுதுபவர், அட்மின், பரிவர்த்தனைக்குச் சாட்சிக் கையொப்பம் வைப்பவர். மூன்று நிறுவனமும் ஒரே பதிவேட்டைப் பகிர்கிற இடம் சனல். அந்தச் சனலின் மட்டத்தில் இவற்றைத் திரட்டுகிற வேறொரு வகைப் பொலிசி இருக்கிறது. அது நேரே கையொப்பங்களைப் பார்க்காது. ‘எவராவது ஒரு நிறுவனம்’, ‘எல்லா நிறுவனமும்’, ‘பெரும்பான்மை’ என்று கீழே உள்ள பொலிசிகளின் முடிவுகளை எண்ணும். எங்களுக்கு மூன்று நிறுவனம், ஆகவே பெரும்பான்மை என்றால் இரண்டு.

முதல் அடி இரண்டாவது சங்கத்தின் எழுதுவினைஞர் பதிவு போட முயன்ற அன்று விழுந்தது. எழுதுபவர் பொலிசிகளில் குறைந்தது ஒன்று நிறைவேற வேண்டும், நிறைவேறியது பூச்சியம் என்று எரர் வந்தது. அவருடைய சேர்ட்டிபிக்கேற் சரி, கையொப்பமிடுகிற இரகசியச் சாவி சரி. இரண்டு நாள் தேடினேன். அந்தச் சங்கத்தின் அடையாளக் கோப்புறையை மட்டும் பழைய முறையில், அட்மின் சேர்ட்டிபிக்கேற்றைத் தனியாக வைத்து ஆக்கியிருந்தேன். யார் கிளையன்ட் (பதிவு அனுப்புகிறவர்), யார் பியர் (பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கிற நிறுவனக் கணினி), யார் அட்மின் என்று சேர்ட்டிபிக்கேற்றுக்குள் இருக்கிற பிரிவுப் பெயரைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லும் பைல் அதில் இல்லை. பொலிசியோ ‘இந்தச் சங்கத்தின் கிளையன்ட்’ என்று கேட்கிறது. ஆளைத் தெரியும், பதவி தெரியாது. பைலைக் கோப்புறையில் போட்டுப் பியரைத் திரும்ப இயக்கியும் எரர் போகவில்லை. சனல் பார்ப்பது தன் அமைப்பு பிளொக்கில், அதாவது தன் ஒழுங்குகளை எழுதிவைத்திருக்கிற பதிவேட்டுப் பக்கத்தில், பதிந்திருக்கிற விளக்கத்தைத்தான். என் கணினிக் கோப்புறையை அது பார்ப்பதேயில்லை. இன்னும் சோதனைக் கட்டம் என்பதால் சனலை முதலில் இருந்து ஆக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வேலையில் என்னை மாற்றிய கூட்டம்.

சாட்சிக் கையொப்பத்துக்கு ஃபேப்ரிக் வழமையாகத் தருகிற பெரும்பான்மையையே வைத்திருந்தேன். மூன்றில் இரண்டு பியர்கள் நிரலை ஓட்டி, ஒரே விடை பெற்று, கையொப்பமிட்டால் நிறை செல்லுபடியாகும். கம்பனி தனியே எதையும் மாற்ற ஏலாது என்று சொல்லி முடித்தேன். முதற் சங்கத்துத் தலைவர், எழுபது வயதை நெருங்குகிறவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“பிள்ளை, மூண்டில ரெண்டு எண்டால், கம்பனியும் மற்றச் சங்கமும் சேர்ந்தாலும் ரெண்டுதானே? எங்கட நண்டுக்கு அவையள் ஏன் கையெழுத்து வைக்கோணும்?”

மற்றச் சங்கத்து ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். அவர்களும் தலையாட்டினார்கள், ஏனென்றால் கேள்வி அவர்களுக்கும் பொருந்தும். எனக்குப் பதில் இருக்கவில்லை. பெரும்பான்மை என்பது தலையை எண்ணும். நண்டு யாருடையது என்று அதற்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பதிவு மட்டத்துப் பொலிசியைப் படித்தேன். ஃபேப்ரிக்கில் நிரல் முழுவதற்கும் ஒரு பொலிசி இருந்தாலும், தனியொரு பதிவுக்கு அதற்கேயுரிய பொலிசியைக் கட்டிவிடலாம். அதன் பிறகு அந்தப் பதிவை மாற்றுகிற எந்தப் பரிவர்த்தனைக்கும் அந்தப் பொலிசிதான் செல்லும். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பதிவு முதன்முதலாக உண்டாகும்போது அதற்கென்று பொலிசி இல்லை, ஆகவே அப்போது பொதுப் பெரும்பான்மையே ஆளும். அந்த இடைவெளியை நிரலில் அடைத்தேன். புதிய நிறையை அனுப்புகிறவரின் சேர்ட்டிபிக்கேற் விற்கிற சங்கத்தினுடையதாக இல்லாவிட்டால் நிரல் அதை ஏற்காது. ஏற்றால், அதே பரிவர்த்தனையிலேயே ‘விற்கிற சங்கத்தின் பியரும் கம்பனியின் பியரும், இரண்டும்’ என்ற பொலிசியைப் பதிவில் கட்டிவிடும்.

இதை எல்லாருக்கும் முன்னால் சோதித்தோம். முதற் சங்கத்தின் பெயரில் 12.4 கிலோ பதிந்தேன். பிறகு கட்டளை வரியில் கம்பனியின் பியரையும் இரண்டாவது சங்கத்தின் பியரையும் மட்டும் குறித்து, 11.9 ஆக மாற்றும் பரிவர்த்தனையை அனுப்பினேன். இரண்டு பியரும் கையொப்பமிட்டன. பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துகிற ஓடரர் அதை பிளொக்கில் அடுக்கியது. தலைவர் முகம் மாறியது. “மாறிட்டுதே?” என்றார். பிளொக்கைத் திறந்து காட்டினேன்: பரிவர்த்தனை உள்ளே இருக்கிறது, பக்கத்தில் செல்லாது என்ற குறி, காரணம் சாட்சிக் கையொப்பப் பொலிசி நிறைவேறவில்லை. நிறையைக் கேட்டால் இன்னும் 12.4. முயன்ற தடயமும் அழியாமல் அங்கேயே கிடக்கும் என்று சொன்னபோது, அது நல்லது என்றார். எனக்கும் அந்த வடிவமைப்பில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கூட்டம் கலைகிற நேரம் பொருளாளர் அக்கா என் லப்டொப்பைக் காட்டி, அந்த விதியையே மாற்றுகிறதென்றால் யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டா. மூன்று அட்மின்களில் இரண்டு பேர் என்றேன். அட்மின் சாவிகள் எங்கே என்றா. மூன்றும் இந்த லப்டொப்பில் என்றேன்.

“அப்ப செக் புத்தகத்தில வெறும் பக்கங்களில கையெழுத்து வைச்சு உங்களிட்ட தந்தமாதிரியெல்லோ?”

அவ கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சனலின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதை மாற்ற எந்தப் பொலிசி வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கும். நான் அதையெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தேன். சாவிகள் ஒரே கையில் இருந்தபடியால் எழுதிய எதுவும் காவலாக இருக்கவில்லை. தனியாளாக நின்று நெட்வேர்க் கட்டுகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்: சாவிகளை உரியவர் கையில் கொடுக்கும் நாளை வேலைத்திட்டத்தில் முதலே குறித்துவையுங்கள்.

சாவிகளைக் கைமாற்றுவது பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை. என்னிடம் இருந்த சாவியை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்பவேண்டும்? ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினியில் புதிய சேர்ட்டிபிக்கேற் அதிகாரத்தை, அதாவது சேர்ட்டிபிக்கேற் வழங்குகிற மென்பொருளை, நிறுவியது. மற்றச் சேர்ட்டிபிக்கேற் எல்லாவற்றுக்கும் அடிப்படையான அதன் மூலச் சேர்ட்டிபிக்கேற்றைப் பழையதோடு பக்கத்தில் சேர்த்தோம், பியர்களைப் புதியதுக்கு மாற்றினோம், கடைசியில் பழையதை நீக்கினோம். ஒரு நிறுவனம் தன் சொந்த அடையாளத்தை மாற்ற அதன் அட்மின் போதும், மற்றவர்களைக் கேட்கத் தேவையில்லை.

சங்கங்கள் இரண்டும் தங்கள் அட்மின் பொலிசிக்கு இரண்டு கையொப்பம் கேட்டன: அட்மின் சாவி வைத்திருக்கும் தலைவர், சாதாரண உறுப்பினர் சாவி வைத்திருக்கும் பொருளாளர். ‘உறுப்பினரும் அட்மினும்’ என்று எழுதினேன். தலைவர் முதலில் கையொப்பமிட்டார், பைல் பொருளாளர் அக்காவிடம் போனது, அவவும் இட்டா, அனுப்பினால் மறுப்பு. இரண்டும் சரியான கையொப்பம். பொலிசி கையொப்பங்களை வந்த ஒழுங்கில் எடுத்துச் செலவழிக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். முதலில் உறுப்பினர் ஒருவர் வேண்டும் என்று தேடும்போது தலைவரின் கையொப்பம் கண்ணில் படுகிறது. அட்மினும் ஓர் உறுப்பினர்தானே, எடுத்துவிடுகிறது. பிறகு அட்மின் வேண்டும் என்று பார்த்தால் மிஞ்சியிருப்பது பொருளாளர் மட்டும். பொருளாளரை முதலில் வைத்துத் திரும்பச் செய்தபோது அதே மாற்றம் ஏற்கப்பட்டது. பிறகு பொலிசியையே ‘அட்மினும் உறுப்பினரும்’ என்று அதிகாரம் கூடியவரை முன்னே வைத்து மாற்றி எழுதினேன். இப்போது யார் முதலில் இட்டாலும் செல்லும்.

பழைய மூலச் சேர்ட்டிபிக்கேற்றை எல்லா நிறுவனமும் நீக்கிய சனிக்கிழமை லப்டொப்பைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். என்னிடம் இருந்த மூன்று பழைய அட்மின் சாவிகளாலும் கையொப்பமிட்டு, வெறும் சோதனைக்காக, ஒரு சிறு மாற்றத்தை அனுப்பினேன். நெட்வேர்க் மறுத்தது. தலைவர் அந்த எரர் வரியை என்னை வாசிக்கச் சொல்லி, தமிழில் கருத்துக் கேட்டு, கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு எழுதினார். கீழே தான் ஒரு கையெழுத்து வைத்து, புத்தகத்தைப் பொருளாளர் அக்காவிடம் நீட்டினார்.