ஹெலன் கெல்லர் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது

கடலூர், புதுச்சேரி பக்கம் பள்ளிகளில் ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ திரையிட நினைக்கும் ஆசிரியர்களுக்கு. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத சிறுமி ஹெலன் மொழி கற்ற கதை இது. ஆர்தர் பென் இயக்கிய 1962 கருப்பு வெள்ளைப் படத்தையே எடுங்க. 1979-லும் 2000-லும் இதே பெயரில் தொலைக்காட்சிப் படங்கள் வந்திருக்கு, தேடும்போது மாறிடும்.

ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் விழுந்தாலும் முகங்கள் வெளுத்துடும். கறுப்புத் துணி கட்டாயம். ஸ்பீக்கர் அதைவிட முக்கியம். சாப்பாட்டு மேசைக் காட்சியில் பல நிமிஷம் வசனமே கிடையாது, தட்டும் கரண்டியும் நாற்காலியும்தான் பேசும். பிள்ளைகள் சிரிப்பாங்க, அதட்டாதீங்க. ஹெலனோட மல்லுக்கட்டும் அவளோட ஆசிரியை ஆனி சல்லிவனுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்னு காட்சி முடிஞ்சதும் கேளுங்க. பார்வைக் குறைபாட்டோட ஏழைகள் விடுதியில் வளர்ந்தவங்க அவங்க.

முன்னாடியே ஒரு பயிற்சி கொடுத்துடுங்க. ரெண்டு ரெண்டு பேரா உட்கார வச்சு, ஒருத்தர் கண்ணைக் கட்டி, உள்ளங்கையில் ‘நீர்’னு விரலால் எழுதச் சொல்லுங்க. வேகமா எழுதினா கோடுகள் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து புரியாது. ஒரு எழுத்து முடிஞ்சதும் உள்ளங்கையைத் தடவிவிட்டு அடுத்ததை எழுதணும். படத்தில் வருவது வேற முறை: விரல்களை மடக்கி நீட்டிக் காட்டும் எழுத்தை ஹெலன் தொட்டு அறிவாள். இந்த வித்தியாசத்தைச் சொல்லிடுங்க.

அடிபம்புத் தண்ணீரில் ஹெலன் கையை ஆனி நனைக்கும் காட்சி நிஜத்தில் 1887 ஏப்ரல் 5-இல் நடந்தது. அதுக்கு நம்ம தெரு அடிபம்பை ஞாபகப்படுத்தினாலே போதும். அப்போ ஹெலனுக்கு ஏழு வயசுகூட முடியல. அதுவரை விரலெழுத்து அவளுக்கு வெறும் விளையாட்டு. ஒரு கை நனையுது, இன்னொரு கையில் தண்ணீரைக் குறிக்கும் ‘water’ங்கிற எழுத்துகள் ஆனியின் விரல்கள் வழியா திரும்பத் திரும்ப வருது. பொருளுக்குப் பெயர் உண்டுன்னு அங்கேதான் பிடிபடுது.