க்யூஆர் கோடுக்குள் லிங்க் எதற்கு, விஷயத்தையே வைக்கலாமே

க்யூஆர் கோடு என்றாலே லிங்க், இல்லையென்றால் பணம் அனுப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்துதான். அது இணைய முகவரி மாதிரி இருந்தால் போன் அதை லிங்க்காக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆக, ஒரு சாதாரணக் குறிப்பையே அப்படியே உள்ளே போட்டுவிடலாம்: அட்டைப்பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது, தண்ணீர் ஃபில்டரை எப்போது மாற்றினோம், ரௌட்டரை ரீசெட் செய்ய எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும். படிக்க இணையம் வேண்டாம், சர்வர் வேண்டாம், யாருக்கும் சந்தா கட்ட வேண்டாம்.

சந்தா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இலவசமாகக் கோடு செய்து தரும் தளங்கள் சிலவற்றில் 'டைனமிக்' என்று ஒரு வகை உண்டு. அதில் உங்கள் குறிப்பு அவர்கள் சர்வரில் இருக்கும், கோடுக்குள் இருப்பது அவர்களுடைய முகவரி மட்டும். அவர்கள் கடையை மூடினால் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் வீண். சந்தேகமாக இருந்தால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஸ்கேன் செய்து பாருங்கள், முழுக் குறிப்பும் வந்தால் சரி. நான் இந்தத் தளங்கள் பக்கமே போவதில்லை, கணினியில் க்யூஆர்என்கோட் என்ற சின்ன நிரலே போதும்.

எவ்வளவு எழுத்து பிடிக்கும் என்பதில்தான் தமிழுக்குக் கொஞ்சம் அடி விழுகிறது. ஜப்பானின் டென்சோ வேவ் 1994-இல் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய முறை இது, எண்களுக்குத்தான் அதில் ராஜ மரியாதை. ஆகப் பெரிய கோடில் (177 × 177 கட்டம்) 7,089 இலக்கங்கள் வரை போகும், பெரிய எழுத்து ஆங்கிலம் என்றால் 4,296, தமிழ் போன்ற மற்ற எழுத்துகளுக்கு 2,953 பைட் (கணினிச் சேமிப்பின் சின்ன அலகு). கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், அதிலும் 'கி' மாதிரி எழுத்து உள்ளுக்குள் இரண்டு குறியீடு, அதாவது 6 பைட். 'வணக்கம்' என்ற ஒரே சொல்லுக்கு 21 பைட் காலி! அப்படிப் பார்த்தால் அந்த மிகப் பெரிய கோடிலும் சுமார் நூறு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும், அதுவும் பிழைதிருத்தத்தை (கோடு கொஞ்சம் சிதைந்தாலும் படிக்க முடிகிற ஏற்பாட்டை) ஆகக் குறைந்த அளவில், 7 சதவீதச் சேதத்தைத் தாங்கும் அளவில், வைத்தால். 30 சதவீதம் தாங்க வேண்டும் என்றால் 2,953 என்பது 1,273 ஆகிவிடும்.

அவ்வளவு பெரிய கோடைச் சின்ன ஸ்டிக்கரில் அச்சடித்தால் போன் திணறும். என் கணக்கில் 97 × 97 கட்டம் போதும், நடுத்தர பிழைதிருத்தத்தில் 666 பைட் பிடிக்கும், தமிழில் இருபது இருபத்தைந்து சொல். கட்டம் அரை மில்லிமீட்டர் என்று வைத்தால், சுற்றிலும் விட வேண்டிய நான்கு கட்ட வெள்ளை ஓரத்தையும் சேர்த்து ஐந்தேகால் சென்டிமீட்டர் வரும். அந்த வெள்ளை ஓரத்தை அழகுக்காக வெட்டிவிடுகிறார்கள் சிலர், அப்புறம் ஸ்கேன் ஆகவில்லை என்று கோடைத் திட்டுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், பழைய ஸ்கேனர் சில தமிழை வேறு ஏதோ குறியாக்கம் என்று நினைத்துக் கன்னாபின்னாவென்று காட்டும். ஒட்டுவதற்கு முன் இரண்டு மூன்று போனில் பார்த்துவிடுங்கள். அப்புறம், இது பூட்டு இல்லை. கேமரா வைத்திருக்கிற யாரும் படிக்கலாம், அதனால் வங்கிக் கடவுச்சொல்லை எல்லாம் இதில் போட்டு அலமாரியில் ஒட்டாதீர்கள்.

குறிப்பு நீளமாக இருந்தால்? ஒன்றைப் 16 கோடுகள் வரை பிரித்துச் சேர்க்கும் வசதி தரநிலையிலேயே இருக்கிறது, ஆனால் போன் ஆப்புகள் பல அதைக் கண்டுகொள்வதில்லை. நான் கையாலேயே பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 1/3, 2/3 என்று போட்டுவிடுகிறேன். அதே எண்ணைக் கோடுக்குக் கீழே பேனாவாலும் எழுதிவிடுவேன்.