பஞ்சு எந்தப் பக்கம்?

ரேடியேட்டரை முதன்முதலாகப் பார்த்தபோது, டிடெக்டரைச் சுற்றி வந்த பேக்கிங் பஞ்சு என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். பாலிபுரோப்பிலீன் இழைகளாலான வெள்ளை மெத்தை. தலையணைக்குள் அடைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். சீனியர் ஒருவர் பதறிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார். எலக்ட்ரானையும் மற்றத் துகள்களையும் பிரித்துக் காட்டும் டிரான்சிஷன் ரேடியேஷன் டிடெக்டரில், பாதி வேலை ரேடியேட்டர் எனப்படும் அந்தப் பஞ்சினுடையது.

மின்னூட்டம் கொண்ட துகள் ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, அந்த எல்லையிலேயே கதிர்வீச்சு பிறக்கும். சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்க்கும் ஃபிராங்கும் 1940களின் நடுவிலேயே கணக்குப் போட்டுச் சொன்ன விஷயம். ஆனால் ஓர் எல்லையில் ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான் கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவுதான். அதனால்தான் பஞ்சு. ஒவ்வொரு இழைக்கும் உள்ளே போகும் எல்லை ஒன்று, வெளியே வரும் எல்லை ஒன்று. நூற்றுக்கணக்கில் தாண்டினால் ஒன்றிரண்டு ஃபோட்டான் தேறும்.

அதுவும் எல்லாத் துகளுக்கும் தேறாது. லோரன்ட்ஸ் காரணி, அதாவது துகளின் ஆற்றல் அதன் நிறை ஆற்றலைப் போல எத்தனை மடங்கு என்பது, ஏறக்குறைய 1,000 ஆவது இருக்க வேண்டும். 3 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் எலக்ட்ரானுக்கு அது 6,000 பக்கம் வரும். எலக்ட்ரானைவிடச் சுமார் 270 மடங்கு கனமான பையான் என்ற துகளுக்கு வெறும் 21. உந்தம் ஒன்றாக இருந்தும் ஒன்று பேசும், மற்றது வாயே திறக்காது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான்.

டிடெக்டரைத் துகள் கற்றையில் வைத்துச் சோதிக்கும் பீம் டெஸ்ட் ஒன்றில் ஆறு நாள்தான் எங்களுக்கு. இரண்டாம் நாள் இரவு நானும் ஒரு ஆராய்ச்சி மாணவனும் மட்டும் ஷிஃப்டில் இருந்தோம். துகளை அடையாளம் காணும் இன்னொரு கருவியான செரன்கோவ் கவுண்டர் ‘இது எலக்ட்ரான்’ என்று அடையாளம் காட்டியவற்றை மட்டும் தனியாகக் கூட்டி, சராசரி சிக்னலைத் திரையில் போட்டோம். பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் சேம்பரில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செனான் வாயு. அதன் கோடியில் சிக்னலைப் பிடிக்கும் கம்பிகள். பஞ்சிலிருந்து வரும் எக்ஸ் கதிர் வாயுவுக்குள் நுழைந்த உடனேயே, அதாவது கம்பியிலிருந்து தொலைவில், உறிஞ்சப்படும். அந்த மின்னூட்டம் கம்பிக்கு வந்து சேர இரண்டு மைக்ரோ விநாடி ஆகும். ஆகவே கிராஃபின் கடைசியில் ஒரு மேடு எழ வேண்டும்.

மேடு இல்லை. எலக்ட்ரான் கோடு பையான் கோட்டுக்குச் சற்று மேலே, தட்டையாகப் போனது.

“சார், கேஸ்தான் போயிருக்கும்,” என்றான். எனக்கும் அதே சந்தேகம். செனான் கனமான அணு என்பதால்தான் எக்ஸ் கதிரைப் பிடித்துக்கொள்கிறது. ஆர்கானில் அவ்வளவு மாட்டாது. செனானின் விலையோ கண்ணைக் கட்டும். ஐரோப்பியத் துகள் ஆய்வுக்கூடமான செர்னில், அட்லஸ் என்ற பெரிய பரிசோதனையிலேயே கசிவு அதிகமான பகுதிகளில் செனானை விட்டு ஆர்கானை ஓட்டியிருக்கிறார்கள். சிலிண்டர், ஃப்ளோ மீட்டர், ஆக்சிஜன் அளவு என்று எல்லாவற்றையும் பார்த்தோம். தெரிந்த ஆற்றலில் எக்ஸ் கதிர் தரும் இரும்பு-55 கதிரியக்க மூலத்தை வைத்தால் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சி கச்சிதமாக வந்தது. மின்னழுத்தமும் சரி. மணி நான்கு.

அப்புறம் சும்மா பீம் ஹாலுக்குள் போய் நின்றேன். பஞ்சுக்கு நேரெதிரே இருக்கும் சேம்பரின் கேபிள் பக்கம் பீம் வரும் திசையைப் பார்த்து இருந்தது. கேபிள் நீளம் போதவில்லை என்று பொருத்தும்போது திருப்பி வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களில் நானும் ஒருவன். துகள் முதலில் வாயுவைக் கடந்து, கடைசியில் பஞ்சுக்குள் போயிருக்கிறது. இந்தக் கதிர்வீச்சு துகள் போகும் திசையிலேயே முன்னோக்கிப் பாயும். இரண்டு நாளாக எங்கள் ஃபோட்டான்கள் எல்லாம் பின்சுவரைப் போய் முட்டிக்கொண்டிருந்தன.

திருப்பி மாட்டி, நீளமான கேபிள் தேடி இழுக்க ஐந்து மணி நேரம் பிடித்தது. முதல் ஆயிரம் எலக்ட்ரான்களிலேயே வலது ஓரத்தில் மேடு எழுந்துவிட்டது. மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கர் எடுத்துப் போய் சேம்பரின் சட்டத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘பஞ்சு முதலில்’ என்று எழுதிவிட்டு வந்தான்.