ரீலோடிங்: பிரஸ்ஸுக்கு முன் புத்தகம்

வீட்டில் தோட்டா ரீலோட் செய்ய, அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் புதிதாக வெடிமருந்துப் பவுடரும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த பிரஸ் (கூட்டை அழுத்தும் நெம்புகோல் கருவி) நல்லது, எந்த டை செட் (கூட்டை அளவாக்கும் அச்சுகள்) வாங்கலாம் என்பதைத்தான். உங்கள் நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறது, தேவையான உரிமம் கையில் இருக்கிறது என்றால், முதல் செலவு ரீலோடிங் மேனுவல் எனும் வழிகாட்டிப் புத்தகத்துக்கு இருக்கட்டும். ஒரு மேனுவலை ஒழுங்காகப் படித்து முடித்தவருக்கு எந்தக் கருவி தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

புத்தகத்தைப் புரட்டும்போது எத்தனை கேலிபர் (தோட்டா வகை) இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நீங்கள் சுடப்போவது இரண்டோ மூன்றோதான். முன்பகுதியைப் பாருங்கள். சுட்ட கூட்டைச் சோதிப்பது, பழைய ப்ரைமரை (அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) எடுப்பது, டையில் அளவுக்குக் கொண்டுவருவது, நீளம் கூடியிருந்தால் வெட்டுவது, புது ப்ரைமர், பவுடர், குண்டு என்று வரிசையைச் சொல்லாத மேனுவலே கிடையாது. ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா என்பதே கேள்வி.

இதற்கு நான் சொல்லும் ஒரு சோதனை: ரைஃபிள் கூடு அடிப்பகுதியில் அறுந்துபோவதைப் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். டையில் கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரிந்து விரியும் பகுதி) அளவுக்கு மீறிப் பின்னே தள்ளினால், துப்பாக்கி அறையில் கூட்டுக்கு முன்னால் இடைவெளி விழும்; அடுத்த முறை சுடும்போது பித்தளை அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது. நீள்வது அடிப்பகுதிக்குச் சற்று மேலே. அங்கே சுவர் மெலிந்துகொண்டே வந்து, வெளியே ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வந்தால், மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூடு குப்பைக்குத்தான். இவ்வளவையும் படத்தோடு விளக்கும் புத்தகத்தை நம்பி வாங்கலாம். ‘கூட்டை நன்றாகப் பரிசோதிக்கவும்’ என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிடுவதை முதல் புத்தகமாக வாங்காதீர்கள்.

அடுத்தது அட்டவணைப் பக்கம். பவுடர் அளவை மட்டும் அச்சிட்டால் போதாது. எந்தக் கம்பெனிக் கூடு, எந்த ப்ரைமர், எந்தக் குண்டு, எவ்வளவு நீளக் குழலில் சோதித்தார்கள், தோட்டாவின் மொத்த நீளம் என்ன, இவை எல்லாம் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். கூட்டின் உச்ச நீளமும், வெட்டிக் கொண்டுவர வேண்டிய நீளமும் கூடத்தான்: .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு 2.015 அங்குலம், 2.005 அங்குலம். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் மாறும். 9 மி.மீ. போன்ற சின்னக் கூட்டில் குண்டைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் வேகமாக ஏறும். முழுச் செம்புக் குண்டு, அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது; அதற்குத் தனி அட்டவணை வேண்டும்.

பெயர் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. எச் 4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வேறு வேறு பவுடர்கள். எண் ஒன்றுதானே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. எப்போதும் புத்தகம் தரும் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். உச்ச அளவு மட்டும் தந்திருந்தால் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். ஆனால் எச் 110 போன்ற பவுடரை அப்படிக் குறைக்கக் கூடாது. அதன் தயாரிப்பாளர் சொல்வது 3 சதவீதம்தான். அதற்கும் கீழே போனால் பவுடர் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். இப்படிப்பட்ட விதிவிலக்குகளை அட்டவணைக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையாக அச்சிடும் புத்தகம் பொன்னானது.

எடை எல்லாம் கிரெயினில் இருக்கும்; ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். மின்னணுத் தராசு தவறிப்போய் கிராமில் நின்றால், 5 கிரெயினுக்குப் பதில் 77 கிரெயின் விழும். பிஸ்டல் கூட்டில் அவ்வளவு பவுடர் கொள்ளாது, வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். இரட்டை அளவு அப்படி இல்லை. பல பிஸ்டல் கூடுகளில் அது சத்தமில்லாமல் அடங்கிவிடும். அதனால்தான் குண்டை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எதை வாங்குவது? முதல் புத்தகத்துக்கு என் தேர்வு லைமன் கையேடு. அது ஒரே கம்பெனியின் குண்டுகளோடு நிற்காது. வார்த்த ஈயக் குண்டுகளுக்கும் அட்டவணை தருகிறது. இரண்டாவதாக, நீங்கள் பயன்படுத்தும் குண்டைத் தயாரிப்பவரின் மேனுவல்: ஹார்னடி குண்டு என்றால் ஹார்னடி, சியரா என்றால் சியரா. இரண்டிலும் உச்ச அளவு வேறுபட்டால் பதற வேண்டாம். சோதனைக் குழலும் பவுடர் லாட்டும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வேறு. குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), மற்றதில் சியூபி (செம்பு உருளை நசுங்குவதை வைத்து அளப்பது) என்று அழுத்தம் போட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிடாதீர்கள். அளக்கும் முறையே வேறு, ஒன்றை மற்றதாக மாற்றச் சரியான சூத்திரமும் இல்லை.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் முன்பகுதிக்காக வாங்கலாம். அட்டவணைக்கு இப்போதைய பதிப்பே வேண்டும். பவுடர் கம்பெனிகள் தங்கள் தளத்தில் இலவசமாகத் தரும் அளவுகளோடும் ஒத்துப்பாருங்கள். முகம் தெரியாதவர் இணையத்தில் எழுதிய அளவு, இவை எதிலும் இல்லையென்றால், அதைத் தொடவே வேண்டாம்.