வெட்டு இல்லாத மாதங்களில் குதிகாலுக்கு ஷாக் வேவ்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவதுதான் எங்கள் வீட்டுத் தொழில். சொந்த மரம் கொஞ்சம், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது கொஞ்சம். வலது குதிகாலில் ஓராண்டுக்கும் மேலாக இருந்த வலிக்குப் போன மாசியில் ஷாக் வேவ், அதாவது அதிர்வலை, சிகிச்சை எடுத்தேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமெல்லாம் இப்போது நிறையப் பேர் இதை எடுக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன செய்வார்கள், எவ்வளவு வலிக்கும், எப்போது குறையும் என்று நான் கேட்டபோது முழுசாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அந்தக் குறை இனி வருகிறவர்களுக்கு வேண்டாம்.

ஊரில் இதைக் குதிவாதம் என்பார்கள். டாக்டர் சொன்ன பெயர் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரைக்கும் உள்ளங்காலில் ஓடும் தடித்த பட்டை, எலும்பைப் பிடிக்கும் இடத்தில் நைந்து போவதால் வருகிற வலி. ராத்திரி முழுக்கக் கால் அசையாமல் கிடக்கும். காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில்தான் உயிர் போகும். நடக்க நடக்கக் கொஞ்சம் விடும். வேறு வேலைக்காரர்கள் மெதுவாக எழுந்து, நடந்து பழகி, எட்டு மணிக்கு மேல் வெளியே இறங்கலாம். பால் வெட்டுக்கு அது நடக்காது. விடியும் முன்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். அதனால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே சரிவில் ஏற வேண்டும். கால் மோசமாக இருக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. கையில் வாளியோடு நொண்டி வந்த என்னைப் பார்த்து அம்மா, "மக்களே, காலைப் பாரு முதல்ல, பால் எங்கயும் போவாது" என்று சொல்லாத நாள் இல்லை.

சூடான செங்கல்லில் எருக்கிலை போட்டுக் குதிகாலை வைத்துப் பார்த்தேன். வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினேன். இரண்டும் அன்றைக்கு இதமாக இருந்தன, மறுநாள் விடியலில் வலி அதே இடத்தில் நின்றது. மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கியது உண்மையிலேயே உதவியது, இப்போதும் வீட்டுக்குள் அதைத்தான் போடுகிறேன். எக்ஸ்ரே எடுத்ததில் குதிகால் எலும்பில் சின்ன முள் தெரிந்தது. அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் பயம், அதை வெட்டி எடுக்கணுமோ என்று. எலும்பு டாக்டர் அதைப் பெரிதாக எடுக்கவே இல்லை. வலியே இல்லாத நிறையப் பேருக்கும் அந்த முள் இருக்கும், வலிக்குக் காரணம் பட்டைதான் என்றார். ஸ்கேனில் பட்டையின் தடிமன் பார்த்தார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தடித்திருக்கிறது என்று கணக்காம், என்னுடையது தாண்டியிருந்தது.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ஸ்டீராய்டு ஊசி. சீக்கிரம் வலி குறையும், ஆனால் பலருக்குத் திரும்ப வரும். அரிதாகப் பட்டையே அறுந்து போவதும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிவதும் உண்டு. சரிவில் ஏறி இறங்குகிற காலுக்கு அதை யோசித்துத்தான் போட வேண்டும் என்றார். மற்றொன்று ஷாக் வேவ். ஆறு மாதத்துக்கு மேல் செருப்பு, பயிற்சி, ஓய்வு என்று எல்லாம் பார்த்தும் விடாத குதிகால் வலிக்குத்தான் இதைச் சொல்வார்களாம். நான் இரண்டாவதை எடுத்தேன். நேரத்தையும் அவர்தான் பார்த்துச் சொன்னார். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து தளிர் வரும்போது எங்களுக்கு வெட்டு நிற்கும். சிகிச்சை எடுத்த காலைப் பழையபடி போட்டு அடிக்காமல் இருக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலில் விசாரித்த ஓர் இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பத்துத் தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எந்த மெஷின், எதற்குப் பத்து என்று கேட்டால் பதில் இல்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். பொதுவாக வாரம் ஒரு தடவை வீதம் 3 முதல் 5 தடவைதான் வைப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. காலைப் பார்க்கும் முன்பே பத்துக்குப் பணம் கேட்கிற இடத்தில் நீங்களும் உட்கார வேண்டாம்.

நான் போன இடத்தில் இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், பொறுமைசாலி. மெஷினைத் தொடும் முன் நிறையக் கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, எங்காவது கட்டி இருக்கிறதா, காலில் புண் அல்லது மரமரப்பு உண்டா, சமீபத்தில் ஊசி போட்டீர்களா. ஊசி போட்டிருந்தால் ஆறு வாரமாவது தள்ளிப் போடுவார்கள். கூட வந்த என் மாமியார், "அப்போ எனக்க தோளுக்கும் இத வச்சு விடு மோளே" என்று கேட்டுப் பார்த்தார். அவர் இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர். "உங்களுக்கு வேண்டாம் பாட்டி, உள்ளே ரத்தம் கசிஞ்சு கட்டிரும்" என்று மறுத்துவிட்டு, தோளுக்கு வேறு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அந்த மறுப்பால்தான் எனக்கு அந்த இடத்தில் நம்பிக்கை வந்தது.

கரண்ட் வைப்பார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். உடம்புக்குள் கரண்ட் போவதே இல்லை. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைத்தார்கள், அந்த வழியில் பிறந்ததுதான் இது. 2000-ல் அமெரிக்காவில் குதிகால் வலிக்கு அனுமதி கிடைத்தது. கல்லை உடைத்தது போல முள்ளை உடைக்கும் என்று நினைக்க வேண்டாம், முள் அப்படியேதான் இருக்கும். இதில் இரண்டு வகை. ஃபோகஸ்டு என்பது ஆழத்தில் ஒரு புள்ளியில் குவியும். ரேடியல் என்பது தோலில் பலமாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் குறைந்து பரவும். கண்டிப்பாகச் சொன்னால் ரேடியல் வெறும் அழுத்த அலைதான். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்கிறார்கள். எனக்கு வைத்தது ரேடியல். துப்பாக்கி மாதிரியான கைப்பிடிக்குள் சின்ன இரும்புக் குண்டு ஒன்று காற்றழுத்தத்தில் பாய்ந்து வந்து நுனியில் மோதும், அந்த மோதல் அலையாகக் காலுக்குள் இறங்கும்.

குப்புறப் படுக்கவைத்து, கட்டைவிரலால் குதிகாலை அழுத்தி அழுத்தித் தேடினார். உள்பக்கமாக ஒரு புள்ளியில் நான் "அங்கதான்" என்று கத்தியதும் பேனாவால் குறி போட்டார். மரத்துப் போக ஊசி போடக் கூடாதாம். வலிக்கிற இடத்தை நாம் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் சரியான இடத்தில் விழும், மரக்க வைத்தால் பலனும் குறையும். ஜெல் தடவி, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்தார். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டகடகவென்று சத்தம். முதல் அரை நிமிடம் விரல்கள் தானாக மடங்கின, பல்லைக் கடித்துக்கொண்டேன். "வலி பத்துக்கு எத்தனைக்கா?" என்று அவர் கேட்கக் கேட்க நான் எண் சொன்னேன். ஏழைத் தாண்டினால் குறைத்தார், நாலுக்குக் கீழே வந்தால் ஏற்றினார். பாதிக்கு மேல் அந்த இடம் தானாகவே மந்தமானது. நொடிக்குப் பத்து வீதம் 2000 அடி, மூன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கி நானே நடந்து பஸ் ஏறினேன். கட்டணம் ஏறத்தாழ இரண்டு நாள் வெட்டுக் கூலி.

அன்று சாயங்காலமும் மறுநாளும் குதிகால் கனத்து வலித்தது, லேசாகச் சிவந்திருந்தது. இந்த இடத்தில்தான் பலர் டைக்ளோபினாக் மாதிரி வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். நைந்த பட்டை திரும்ப ஆறத் தொடங்க அந்தச் சின்ன வீக்கம் வேண்டும், அதை மாத்திரையால் அணைக்காதீர்கள், தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் மட்டும் போதும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதையும் போடவில்லை.

மெஷினைப் போலவே பயிற்சியும் முக்கியம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், அப்படிப் பத்துத் தடவை. இது எனக்கு முதல் அடியின் வலியைச் சிகிச்சை முடியும் முன்பே குறைத்தது. அப்புறம் படியில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மூன்று எண்ணித் தூக்கி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். இதை ஒன்றுவிட்ட நாள்தான் செய்ய வேண்டும். வெட்டும் ஒன்றுவிட்ட நாள்தான் என்பதால், வெட்டு திரும்பத் தொடங்கிய பிறகு அது இல்லாத நாளில் இதை வைத்துக்கொண்டேன், மறக்கவே இல்லை.

கடைசித் தடவை முடிந்தபோது பாதி வலி இருந்தது. வீட்டுக்காரர் முகம் வாடிப் போனார், அத்தனை பணமும் போச்சா என்று. முழுப் பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை. சித்திரையில் பாத்ரூமுக்கு எழுந்து போய் வந்த பிறகுதான் கவனித்தேன், முதல் அடி வலிக்கவே இல்லை.

வீட்டுக்காரருக்கும் வெட்டுகிற கையில் முழங்கை வலி இருப்பதால் இதையே வைக்கலாமா என்று கேட்டோம். டென்னிஸ் எல்போ என்கிற இந்த முழங்கை வலிக்கு ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005-ல் வந்த காக்ரேன் தொகுப்பு பெரிய பலன் இல்லை என்றே முடிவு சொன்னது, முதலில் கைப்பயிற்சி செய்யுங்கள் அண்ணா என்று அந்தப் பெண் மறைக்காமல் சொன்னார். தோளில் சுண்ணாம்பு படிந்த வலிக்கும் குதிகாலுக்கும்தான் கொஞ்சம் தெளிவான பலன் தெரிந்திருக்கிறதாம். அவர் இப்போது பயிற்சிதான் செய்கிறார். கத்தியையும் அடிக்கடி தீட்டிக்கொள்கிறார், மொட்டைக் கத்திக்குக் கை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பதால்.

வெட்டு திரும்பத் தொடங்கியபோது நான் சமமான தட்டில் இருக்கும் மரங்களை மட்டும் எடுத்தேன், சரிவை அவர் பார்த்துக்கொண்டார். ஆனி பிறந்த பிறகு சரிவுக்கும் போகிறேன். நாள் முழுக்க நின்று ரப்பர் ஷீட் அடித்த ராத்திரியில் குதிகால் கொஞ்சம் கனக்கிறது, காலையில் இல்லை. துண்டு சுருட்டிச் செய்யும் பயிற்சியை இன்னும் சில மாதம் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், செய்துகொண்டிருக்கிறேன்.